எதிரூரிலிருந்து வந்த தண்ணீர்

விளையாட்டுக்குள் இருக்க வேண்டிய தண்ணீர் வெளியே வந்துவிட்டது. நடந்த தவறு அதுதான். எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது என்று காரணம் கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். வந்தது. அவ்வளவுதான்.

ஓடக்காட்டுப்பாளையம் பனியன் ஊர். நூல் வாங்குகிறவன் ஒருவன், அதைத் துணியாக ஓட்டுகிறவன் ஒருவன், துணிக்குச் சாயம் ஏற்றுகிறவன் ஒருவன், வெட்டுகிறவன், தைக்கிறவள், பிசிறு நறுக்குகிறவள், மடித்து அட்டைப்பெட்டியில் அடைக்கிறவள் என்று ஒரு பனியன் பல கை மாறித்தான் கப்பல் ஏறும். அதில் எந்தக் கையைப் பிடித்துக் கேட்டாலும் ‘நமக்கு இந்த வேலை மட்டுந்தானுங்க’ என்று சொல்லும். கறை பட்ட பனியன் செக்கிங் மேசைக்கு வந்தால் கடைசியாகத் தொட்ட கை யாருடையதோ அவர் தலையில் கட்டுவார்கள். கறை எங்கே பட்டது என்று யாரும் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பதில்லை. நேரம் ஏது?

அந்த மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள் கோகிலவாணி. அம்மா செக்கிங் வேலை. வாணி படித்தாள், கோயமுத்தூரில் போன் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள், அங்கே ஓர் ஊரைக் கட்டினாள். எதிரூர் என்று பெயர். போனுக்குள் இருக்கிற ஊர். ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு மனை, மனையில் ஒரு மரம், மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். வெளியே ஒருவர் என்ன செய்கிறாரோ அது உள்ளே அவர் மனையில் விழும். குப்பையைக் கொளுத்தினால் மரம் கருகும். மோட்டாரை ஓடவிட்டு மறந்தால் வாய்க்கால் வற்றும். சாக்கடையை ஆற்றில் திருப்பினால் வாய்க்கால் நாறும். பார்த்தாவது திருந்துவார்கள் என்று நினைத்தார்கள். நினைக்கலாம், தப்பில்லை.

கட்டும்போதே ஒரு கேள்வி வந்தது. கூட வேலை செய்கிற ஒருவன் கேட்டான்.

“வாணி, ஒரு சாயப்பட்டறைக் கழிவு ஆத்துக்குப் போகுதுன்னு வெய்யி. அது யாரு மனையில விழோணும்? மொதலாளி மனையிலயா, வேலைக்காரன் மனையிலயா, அந்தப் பனியனைப் போட்டுக்கிட்டு எங்கியோ சுத்தற வெள்ளைக்காரன் மனையிலயா?”

வாணி டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. “கை வெச்சவன் மனையிலதான். பின்ன வேற யாருது?” என்றாள்.

அந்தப் பனியன் ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் சொந்த ஊரில் ஓட்டிப் பார்ப்போம் என்று வாணி ஊருக்கு வந்தாள். கடை கடையாக, லைன் வீடு லைன் வீடாகப் போய் எல்லார் போனிலும் தன் கையாலேயே எதிரூரை ஏற்றினாள். முதலில் ஏற்றியது அவள் அண்ணன் மாகாளி போனில். மாகாளிக்குச் சென்னியப்பனின் சாயப்பட்டறையில் வேலை. ஊரில் இருந்த ஒரே பட்டறை அது. ஊர்த் துணியெல்லாம் அங்கேதான் நனையும். சாயம் கலக்குவது ஒருவர், துணியை முக்குவது ஒருவர். மாகாளிக்கு வால்வு மட்டும். ஒரு தொட்டி முடிந்ததும் மேலிருந்து “உடு!” என்று குரல் வரும். அவன் வால்வைத் திருகுவான். கழிவு சுவருக்கு அடியில் போகிற குழாய் வழியாக ஆற்றுக்குப் போகும். அப்புறம் மூடுவான். அவ்வளவுதான் அவன் உத்தியோகம்.

மறுநாள் காலையில் ஊரில் எல்லார் போனும் சொட்ட ஆரம்பித்தன.

சார்ஜ் போடுகிற ஓட்டையிலிருந்து சொட்டியது. டெய்லர் வீட்டில் சோப்பு வாசனையோடு ஒரு சொட்டு, கறிக்கடைக்காரர் வீட்டில் சிவப்பாக ஒரு சொட்டு, லாரிக்காரர் வீட்டில் டீசல் மினுக்கோடு கொஞ்சம் வேகமாக. போன் கெட்டுப் போகவில்லை. பேசினால் பேசியது, படம் பார்த்தால் பார்த்தது, சொட்டவும் செய்தது. முதல் நாள் துடைத்தார்கள். இரண்டாம் நாள் கிண்ணம் வைத்தார்கள். அதற்கப்புறம் பழகிவிட்டது. போன் கடைக்காரர் அடியில் தட்டு வைத்த உறை விற்றார். கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போன் விட ஓர் அண்டா வந்தது. கவுன்சிலர் தன் படம் ஒட்டிய பிளாஸ்டிக் வாளியை வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். கொடுத்த அன்று அவர் போன் ஒரு வாளி கொட்டியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காபி குடித்துக்கொண்டே அலமாரி மேலிருக்கிற கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள், தெளிவாக இருந்தால் பேச்சு வளர்ந்தது, கலங்கலாக இருந்தால் ஜாதகம் சரியில்லை என்று எழுந்தார்கள். வழியில் பார்த்துக்கொள்கிறவர்கள் “சாப்பிட்டாச்சுங்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டு “வூட்டுல எப்படிச் சொட்டுதுங்க?” என்று கேட்டார்கள். யாரும் திருந்தவில்லை. கிண்ணத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

மாகாளியின் போன் சொட்டவில்லை. ஊற்றியது.

ஊர் துணியில் ஏற்றி அனுப்புகிற சாயமெல்லாம் அவன் வீட்டுக்கு வந்தது. நேற்றுப் பட்டறையில் என்ன நிறமோ இன்று அவன் வாசலில் அந்த நிறம். பாய் நனைந்தது, அரிசி நனைந்தது, கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள், செங்கல் முழுகியது. ஆற்றில் போனதும் குறையவில்லை, அங்கேயும் போனது, இங்கேயும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “இன்னிக்கு நேவி புளூவுங்களா? அப்ப அந்தப் பெரிய ஆர்டரு வந்துருச்சாட்ட இருக்குது, எங்களுக்கு ஞாயித்துக்கெழமையும் வேலை இருக்கும்” என்று சந்தோஷப்பட்டாள்.

மாகாளியின் மனைவி மட்டும் சந்தோஷப்படவில்லை. கட்டட வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் கலவை சுமந்துவிட்டு வந்து சாயங்காலமெல்லாம் தண்ணீர் இறைத்தாள். வாணி வாசலில் வந்து நின்றபோது குண்டாவை நிறுத்தாமலே பேசினாள்.

“வா கண்ணு. படிச்சவ கையில போனைக் குடுத்தம். ஆத்தைக் கொண்டாந்து வூட்டுல வுட்டுட்டே.”

“நங்கையா, சரி பண்ணிர்லாம். ரெண்டு நாள் குடுங்க” என்றாள் வாணி அண்ணியிடம்.

“வெச்சுக்க. இந்தக் குண்டாவையும் வெச்சுக்க.”

வாணி சரி பண்ணத்தான் பார்த்தாள். அண்ணன் பெயரை எதிரூரிலிருந்து நீக்கினாள். ஊற்றியது. கணக்கையே மாற்றி, கை வைத்தவன் மனையில் இனி ஒன்றும் விழக் கூடாது, முதலாளி மனையில்தான் விழ வேண்டும் என்று எழுதினாள். ஊற்றியது. கோயமுத்தூரில் பெரியவர்கள் கூடிப் பேசி அவள் கையாலேயே எதிரூரை ஒட்டுமொத்தமாக அணைக்க வைத்தார்கள். மனை போனது, மரம் போனது, வாய்க்கால் போனது, எங்கேயும் இல்லாத ஊரிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனைக் கிணற்றில் போட்டான் மாகாளி. தண்ணீர் குடிக்கிற சொம்பிலிருந்து வந்தது. சொம்பைப் போட்டான். அவன் நின்ற இடத்திலிருந்து ஊறியது. அவன் நடந்தால் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வந்தது. வாணி கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டுவதற்கு ஒரு பொத்தானும் மிச்சமில்லை.

லைன் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். சுவரெல்லாம் பச்சை ஏறிக் கிடந்தது.

“மாகாளி, நீ தங்கமான ஆளப்பா. உன்னையச் சொல்லுல. உன்ற தண்ணியச் சொல்றேன்.”

மாகாளி சென்னியப்பனிடம் போனான். நான் இனி வால்வு திறக்கவில்லை என்றான். சென்னியப்பன் கோபப்படவில்லை. சென்னியப்பன் போனும் சொட்டியது. கார் வைத்திருப்பதற்குச் சொட்டுகிற அளவுதான். “செரி, நிக்காட்டிப் போ. தொட்டி ரொம்பிக் கெடக்குது. நூத்துக்கணக்கான பொம்பளைங்க துணி வரும்னு மெஷின்ல ஒக்காந்துட்டு இருக்காங்க. அவங்ககிட்ட நீயே சொல்லிட்டுப் போ” என்றார்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள். தைக்கிறவர்கள், பிசிறு நறுக்குகிறவர்கள், பெட்டி அடைக்கிறவர்கள், டீக்கடைக்காரர், பேக்கரிக்காரர் எல்லாரும் வந்து பட்டறை வாசலில் நின்றார்கள். ஒருவரும் அதட்டவில்லை. அதுதான் வினை. அதட்டியிருந்தால் மாகாளி போயிருப்பான். “அண்ணா, நீங்க ஒருத்தரு மனசு வெச்சா எங்கூட்டு அடுப்பு எரியுமுங்க” என்றாள் ஒருத்தி, அவள் இடுப்பில் குழந்தை. மாகாளி குழந்தையைப் பார்த்தான். வால்வைத் திருகினான்.

ஊர் நன்றி கெட்டதல்ல. கூட்டம் போட்டது. ஒருவனே ஏன் சுமக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து ஆளுக்கு ஒரு தடவை வால்வு திறப்போம், தண்ணீரும் பிரிந்துபோகும் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல யோசனைதான். முதல் முறைக்காரன் அன்று காலையே மாமியார் ஊருக்குப் போய்விட்டான். இரண்டாம் முறைக்காரனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மூன்றாமவர் கவுன்சிலர், அவருக்குச் சென்னையில் வேலை வந்துவிட்டது. மாகாளி தானாகவே எழுந்து போய்த் திருகினான். அதற்கப்புறம் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

தெருவெல்லாம் நனைவதால் அவன் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். அங்கே இருந்தால் ஊறுகிறது நேரே ஆற்றில் இறங்கிவிடும், யாருக்கும் தொந்தரவில்லை. பட்டறைக்கு நடந்து வருவான், திருகுவான், திரும்பி நடப்பான். அவன் நடந்த பாதை முழுக்க அன்றைய நிறம். மனைவி தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார இடமில்லை. அவன் ஒரு கல்லின் மேல், அவள் ஒரு கல்லின் மேல், நடுவே தண்ணீர்.

“ராத்திரி படுத்தீங்களா?”

“ஒக்காந்துட்டே தூங்கப் பழகிட்டேன். வசமாத்தான் இருக்குது.”

“கால நீட்டுங்க பாப்பம்.”

நீட்டினான். முட்டி வரை ஊதா. பாதம் ஊறி வெளுத்துச் சுருங்கி, யாருடைய பாதமோ மாதிரி இருந்தது. அவள் தூக்குப்போசியைக் கழுவினாள். எதில் கழுவுவது? அந்தத் தண்ணீரில்தான்.

“வூட்டுக்கு வாங்க. வூடு முழுகுனா முழுகட்டும்.”

“பக்கத்துல குழந்தைங்க இருக்குது புள்ள.”

வாணி இதையெல்லாம் பாலத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்க அவளுக்குக் கால் வரவில்லை. கட்டியது அவள். அணைத்தவளும் அவள்தான். இரண்டுக்கும் நடுவில் அவள் அண்ணன் நனைந்துகொண்டிருந்தான்.

மாகாளி சாமி ஆனது எப்படி என்றால், ஆடி மாதத்தில் ஒருத்தி நல்ல மனதோடு அவனுக்கு ஒரு குடை கொண்டுபோய் நட்டாள். இன்னொருத்தி கல்லின் மேல் மஞ்சள் துணி விரித்தாள். வேலைக்குப் போகிற வழியில் ஆர்டர் நிற்கக் கூடாது என்று நாலு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அன்று ஆர்டர் நிற்கவில்லை, மறுநாள் நாற்பது பேர் கும்பிட்டார்கள். புது நிறம் போடுகிற அன்று முதல் மீட்டர் துணியை அவன் மேல் போர்த்தினார்கள். அவன் வேண்டாம் என்றான். சாமி வேண்டாம் என்று சொல்வதும் வழக்கம்தானே என்று போர்த்தினார்கள். பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்துவிட்ட நிம்மதி ஊர் முகத்தில் வந்தது. வாசலில் வந்தால் அது கழிவு, பாலத்துக்கு அடியில் வந்தால் தீர்த்தம். சிலர் பாட்டிலில் பிடித்துக்கூடப் போனார்கள். கடைசியில் சென்னியப்பனே முன்நின்று, பாலத்துக்கு அடியில் கல் மேடை கட்டி, தகரக் கூரை போட்டு, நாள் குறித்து, மேளம் வைத்து மாகாளியை மேடையில் அமர்த்துவது என்று முடிவானது. வால்வுக்கும் மேடைக்கும் நடுவே அவன் நடக்க வேண்டியதில்லை, வால்வையே நீட்டி மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம், சாமி உட்கார்ந்த இடத்திலேயே திருகிக்கொள்ளும் என்றார்கள். எல்லாருக்கும் அது மரியாதையாகப் பட்டது.

மாகாளியின் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாணியும் அப்போது இருந்தாள்.

“மேடைல ஏறிட்டா எறங்கி வருவாருங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“எறங்கற சாமி எங்கியாச்சும் உண்டா அம்மிணி?” என்று சிரித்தார் ஒரு பெரியவர்.

“அப்ப நானு?”

“உனக்கென்ன கொறச்சல்? பக்கத்துல ஒரு செலை வெச்சர்லாம்.”

“எனக்குச் செலை வேண்டாமுங்க. என்ற வூட்டுக்காரன் வேணும். சோத்துக்கு உப்புப் பத்துலன்னு என்னைய வையறதுக்கு எனக்கு ஆளு வேணும். சாமி வையாது.”

“ஊருக்காகப் பொறுத்துக்க.”

“ஊரெல்லாம் ஒண்ணாச் சேந்து ஒருத்தன் தலையில தண்ணி ஊத்திட்டு, அவனையே கும்புடறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லீங்களா?”

இருந்தது. அதனால்தான் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். ஆனால் மேளக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது.

குறித்த நாளன்று பட்டறைக்கு விடுமுறை. மெஷின்கள் நின்றன. ஊர் முழுக்கப் பாலத்துக்குப் போனது. மாகாளியைக் குளிப்பாட்டினார்கள், அவனைக் குளிப்பாட்டுவதில் அர்த்தமில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. பட்டு வேட்டி கட்டினார்கள். இழுத்த இழுப்புக்கு வந்தான். பேச்சு நின்று வெகு நாளாகியிருந்தது. கூட்டத்தில் மனைவியைத் தேடி அவன் கண் அலைவதை வாணி பார்த்தாள். அவளும் தேடினாள். எங்கேயும் இல்லை. வீட்டுக்கு ஓடினாள், பூட்டியிருந்தது. அங்கிருந்து பட்டறைக்கு ஓடினாள்.

பட்டறைச் சுவருக்கு வெளியே, குழாய் ஆற்றைப் பார்த்து வாய் பிளந்திருக்கிற இடத்தில், மாகாளியின் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை சிமெண்ட். வேலை நடக்கிற கட்டடத்திலிருந்து தலையில் தூக்கி வந்திருக்கிறாள். மணல், ஜல்லி, உடைந்த செங்கல். குழாய்க்குள் அவள் கை தோள் வரை போய் வந்தது.

“நங்கையா, என்ன பண்றீங்க?”

“பாத்தாத் தெரியலியா? அடைக்கறேன்.”

“அடைச்சா தொட்டி ரொம்பி உள்ளாறயே நிக்கும். வேலையெல்லாம் நின்னு போகும். ஊரு உங்களைக் கொன்னு போடும்.”

“கொல்லட்டும். செத்தா அவரு கூடப் போய் ஒரு சாமியா ஒக்காந்துக்கறேன்.” செங்கலைத் திணித்தாள். “ஆமா, நீ எதுக்கு வந்தே? தடுக்கறதுக்கா, பாக்கறதுக்கா?”

வாணிக்கு உண்மையில் தெரியவில்லை. இத்தனை மாதம் பார்த்துக்கொண்டு மட்டுந்தான் இருந்தாள்.

“தெரியலீங்க நங்கையா.”

“தெரியாட்டிப் போச்சாது. அந்தப் பாண்டுச் சட்டில தண்ணி மொண்டுட்டு வா. கலவை காயுது.”

மொண்டுகொண்டு வந்தாள். ஆற்றில் கருஞ்சிவப்பு ஓடியது, கலவையும் கருஞ்சிவப்பானது. வாணியின் வெள்ளைக் காலர் சட்டை தோள் வரை நனைந்தது. பாலத்துப் பக்கமிருந்து மேளம் கேட்டது. குழாய் நிறைய ஜல்லி, அதன் மேல் செங்கல், அதன் மேல் கலவை. அண்ணி பூசி வழித்து, உள்ளங்கையால் அழுத்தி, கடைசியில் வாய் முழுக்க மூடி மட்டமாகத் தேய்த்தாள். தேய்த்ததைத் தட்டிப் பார்த்தாள். நின்றது.

மறுநாள் காலை மேலிருந்து “உடு!” என்று குரல் வந்தது. வால்வை நீட்டுகிற வேலை இன்னும் முடியாததால் மேடையிலிருந்து நடத்திக் கூட்டி வந்த மாகாளி வால்வைத் திருகினான். போகவில்லை. தண்ணீர் குழாயில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது, தொட்டி வழிந்தது, பட்டறைத் தரை நிறைந்தது, சென்னியப்பனின் ஆபீஸ் அறைக்குள் போய் அவர் நாற்காலிக் காலைத் தொட்டது. ஆள் வைத்து உடைக்கச் சொன்னார். யார் உடைப்பார்? உடைக்கிற கைக்குத்தான் இனி ஊறும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடப்பாரை சுவரில் சாய்ந்தபடியே கிடந்தது. அவரே எடுத்துப் பார்த்தார். திரும்பச் சாய்த்து வைத்தார்.

பட்டறை நின்றது. துணி நின்றது. மெஷின்கள் நின்றன. பலர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார்கள், போகிறபோது, அடைத்தது யாரென்று தெரிந்து, மாகாளி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றவளும் போனாள். அவள் தூற்றவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை. அவள் எங்கே போனாள், அடுப்பு எரிந்ததா என்று இன்று வரை வாணிக்குத் தெரியாது.

பாலத்துக்கு அடியில் ஊறுவது கொஞ்சங்கொஞ்சமாக வெளிறி, ரோஸ் ஆகி, பழுப்பாகி, ஒருநாள் வெறும் ஈரமானது. பிறகு அதுவும் இல்லை. மாகாளி காய்ந்த காலோடு வீட்டுக்கு நடந்து வந்தான். பாய் விரித்துக் கிடந்தது. படுத்தான். காலை நீட்டினான். எழுந்து சோறு கேட்டான். உப்புப் பத்தவில்லை என்றான். உள்ளே அடுப்படியில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது வாசலில் நின்ற வாணிக்குக் கேட்டது. கால் ஊதா மட்டும் போகவில்லை.

மற்றவர் வீட்டில் இன்னும் சொட்டுகிறது. கிண்ணம் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

ரொம்பக் காலம் கழித்துப் பட்டறை திறந்தது. தண்ணீரைச் சுத்தம் பண்ணி உள்ளேயே திருப்புகிற தொட்டிகள் வந்துவிட்டன, ஆற்றுப் பக்கம் குழாயே கிடையாது. வேறு வழி இல்லாமல் கட்டியதுதான். வாசலில் பளிங்குக் கல் வைத்து, ஆற்றைக் காத்தவர் என்று சென்னியப்பன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கீழே கவுன்சிலர் பெயர் இருக்கிறது. கோயமுத்தூர்க் கம்பெனி எங்கேயோ போய் ஒரு விருது வாங்கி வந்தது, அதில் கோகிலவாணி பெயர் இருக்கிறது. அவள் அதை வாங்கப் போகவில்லை. பாலத்தடி மேடையில் இன்னும் யாரோ விளக்கு வைக்கிறார்கள், அங்கே மாகாளி பெயர் இருக்கிறது. குழாயை அடைத்தவளை ஊர் இன்னும் மாகாளி பொண்டாட்டி என்றுதான் சொல்கிறது. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. பாவாத்தாள்.